இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கரா

அணை கட்டியவரை நாடு மறப்பதில்லை. பாலம் அமைத்தவருக்கும் ஆலை நிறுவியவருக்கும் ஊர்தோறும் கல்வெட்டு உண்டு. ஆனால் ஒரு கட்டணத்தை எடுத்துவிட்டவருக்குக் கல்வெட்டை எங்கே நாட்டுவது? அவர் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாதது. பள்ளி அலுவலகங்களில் ரசீதுப் புத்தகம் மூடப்பட்டது. வெளியில் தெரிந்தது அவ்வளவே. அந்தப் புத்தகம் மூடப்பட்டதால் உழவர் வீட்டு மகன் பொறியியல் படித்தான். மீனவர் வீட்டு மகள் மருத்துவம் படித்தாள். கடல் கடந்த நம் அண்டை நாடான இலங்கையில் அந்த அரும்பணியைச் செய்து முடித்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா ஆவார். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வியை 1945ஆம் ஆண்டிலேயே தம் நாட்டு மக்களுக்கு ஈட்டித் தந்த அப்பெருமகனாரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

அம்பலாங்கொடைச் சிறுவன்

இலங்கையின் தென்கரையில், காலி நகருக்கு வடக்கே அம்பலாங்கொடை என்றோர் ஊர் இருக்கிறது. மரத்தில் செதுக்கும் முகமூடிகளுக்குப் பெயர்பெற்ற கடற்கரை ஊர் அது. அதனை அடுத்த ரந்தொம்பை என்னும் சிற்றூரில் 1884ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா பிறந்தார். தந்தையார் அரசாங்கத்தில் சிறிய பதவி ஒன்றை வகித்தவர். குடும்பமோ பெரியது; வருமானமோ அளவானது. அந்நாளைய வழக்கப்படி ஊர்ப் பள்ளியில் எழுத்தறிந்த சிறுவன், பின்னர் அம்பலாங்கொடையிலிருந்த வெஸ்லியன் மிஷன் பள்ளியில் சேர்ந்தான்.

அப்பள்ளியின் பரிசளிப்பு விழா ஒன்றுக்குக் காலி ரிச்மண்ட் கல்லூரியின் தலைமையாசிரியர் ஜேம்ஸ் ஹார்ன் டாரல் பாதிரியார் வந்திருந்தார். ஒரே சிறுவன் மீண்டும் மீண்டும் மேடையேறிப் பரிசு வாங்கிச் செல்வதை அவர் கவனித்தார். இத்தனை பரிசுகளையும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வண்டி பிடிக்க வேண்டும்போல் இருக்கிறதே என்று அவர் வேடிக்கையாகப் பேசியதாகச் சொல்வார்கள். வேடிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை. ரிச்மண்ட் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் வாய்ப்பைச் சிறுவனுக்கு உண்டாக்கிக் கொடுத்தார்.

அந்த ஒரு மாலை கன்னங்கராவின் வாழ்க்கையைத் திருப்பியது. கல்லூரிச் சம்பளமும் விடுதிச் செலவும் தந்தையாரின் தலையில் விழாமல் அவர் படிக்க முடிந்தது. கணிதத்தில் அவருக்கு அபாரமான ஆற்றல் இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் குடியேற்ற நாடுகளில் நடத்திய தேர்வில் அவர் கணிதப் பாடத்தில் பிரிட்டிஷ் பேரரசு முழுவதிலும் முதலாவதாக வந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். ஆட்டக்களத்திலும் அவர் சளைத்தவர் அல்லர். 1903ஆம் ஆண்டு ரிச்மண்ட் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கினார்.

அவரைக் கண்டெடுத்த டாரல் பாதிரியார் நெடுநாள் வாழவில்லை. காய்ச்சல் கண்ட மாணவர்களுக்கு அருகிருந்து பணிவிடை செய்து, அதே நோய்க்கு ஆளாகி 1906ஆம் ஆண்டு மறைந்தார். தமக்குக் கதவு திறந்துவிட்ட அந்த ஆசிரியரைக் கன்னங்கரா தம் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைத்தார்.

இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய விழாவுக்கு டாரல் வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே மேடையின் கீழே அமர்ந்திருந்த மற்றப் பிள்ளைகளில் திறமையுடையோர் எத்தனை பேர்? பக்கத்து ஊரில், பரிசளிப்பு விழாவே நடக்காத பள்ளியில், யார் கண்ணிலும் படாமல் போனவர்கள் எத்தனை பேர்? ஒருவருடைய நற்பேறு ஒரு நாட்டின் கல்விக் கொள்கை ஆகிவிட முடியாது. கன்னங்கராவின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கு அவர் தேடிய விடை எனலாம்.

ஆசிரியர், வழக்கறிஞர், அரசியலாளர்

படிப்பை முடித்த கன்னங்கரா தாம் பயின்ற கல்லூரியிலேயே கணித ஆசிரியர் ஆனார். பின்னர் கொழும்பிலும் மொறட்டுவையிலும் ஆசிரியப் பணி புரிந்தார். பகலில் பாடம் நடத்திக்கொண்டே சட்டமும் பயின்றார். 1910ஆம் ஆண்டு புரொக்டர் என்னும் வழக்கறிஞர் தகுதி பெற்றுக் காலி நகரில் தொழிலைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டே அரசியல் அவரை அழைத்தது. படித்த இலங்கையர் அனைவருக்குமாகச் சட்டநிரூபண சபையில் ஒரே ஓர் இடம் ஒதுக்கப்பட்டு, 1911ஆம் ஆண்டு அதற்குத் தேர்தல் நடந்தது. அந்த இடத்துக்குத் தமிழரான பொன்னம்பலம் இராமநாதன் நின்றார். சிங்களவரான கன்னங்கரா அவருக்காகத் தென்பகுதியில் உழைத்தார். இராமநாதனும் வென்றார். இனத்தைக் காட்டிலும் தகுதி பெரிதாக எண்ணப்பட்ட காலம் ஒன்று அத்தீவில் இருந்தது என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

1915ஆம் ஆண்டு இலங்கையில் கலவரம் மூண்டது. ஆங்கிலேய ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துப் பலரைச் சிறையில் தள்ளியது. குற்றம் சாட்டப்பட்டோர் பலருக்காகக் கன்னங்கரா நீதிமன்றத்தில் வாதாடினார். 1919ஆம் ஆண்டு பொன்னம்பலம் அருணாசலத்தின் தலைமையில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அதில் ஈடுபட்டு உழைத்தார். பின்னாளில் அதன் தலைவராகவும் விளங்கினார். 1920களில் சட்டநிரூபண சபையின் உறுப்பினரும் ஆனார்.

இரண்டு வகைப் பள்ளிகள்

கன்னங்கரா எதனை மாற்றினார் என்பதை அறிய, அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதை அறிதல் வேண்டும்.

அந்நாளில் இலங்கையில் பள்ளிகள் இரண்டு சாதியாக இருந்தன என்றே சொல்லிவிடலாம். சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த சுயமொழிப் பாடசாலைகள் ஒரு வகை. இவற்றில் கட்டணம் இல்லை. ஆனால் இவற்றில் படித்தவருக்கு மேலே போக வழியும் இல்லை. மிஞ்சிப்போனால் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஆகலாம். ஆங்கிலத்தில் கற்பித்த பள்ளிகள் மற்றொரு வகை. அரசுப் பதவி, மருத்துவம், சட்டம், வணிகம் ஆகிய அனைத்துக்கும் வாசல் இவையே. இந்த வாசலில் சம்பளம் கட்டியாக வேண்டும்.

தமிழில் இந்தச் சம்பளம் என்ற சொல்லே வேடிக்கையானது. தந்தை உழைத்து வாங்குவதும் சம்பளம். பிள்ளை பள்ளியில் கட்டுவதும் சம்பளம். முதல் சம்பளம் சிறிதாக இருந்த வீடுகளில் இரண்டாவது சம்பளம் கட்டப்படவே இல்லை. பிள்ளையின் அறிவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதில் வேறோர் அநீதியும் மறைந்திருந்தது. சம்பளம் வாங்கிய ஆங்கிலப் பள்ளிகள் பலவும் அரசாங்கத்தின் நன்கொடையையும் பெற்றுவந்தன. அரசாங்கத்தின் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி சுங்கத் தீர்வையிலிருந்து வந்தது. கடையில் சாமான் வாங்கும் ஏழை எளியவரும் அத்தீர்வையில் தம் பங்கைச் செலுத்தினர். ஆகவே, தம் பிள்ளைகள் நுழைய முடியாத பள்ளிகளுக்குக் கிராமத்து மக்களும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இலவசக் கல்வி என்றால் ஏதோ அரசு போடும் பிச்சை என்று நினைப்பவர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள். மக்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்ட விலைக்குரிய பொருளைத்தான் கன்னங்கரா அவர்களுக்குக் கேட்டார்.

கல்வி அமைச்சர்

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின்படி இலங்கையில் வயதுவந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் மிக முன்னதாக இவ்வுரிமையைப் பெற்ற நாடு இலங்கை. புதிதாக அமைந்த அரசாங்க சபைக்குக் காலித் தொகுதியிலிருந்து கன்னங்கரா தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. ஒவ்வொரு குழுவின் தலைவரும் அத்துறையின் அமைச்சர் ஆவார். கல்விக் குழுவின் தலைவரான கன்னங்கரா இலங்கையின் முதல் கல்வி அமைச்சர் என்ற பெருமையைப் பெற்றார். 1936ஆம் ஆண்டு மத்துகமைத் தொகுதியில் வென்று மறுபடியும் அதே பொறுப்பை ஏற்றார். இப்படியாக 1947 வரை பதினாறு ஆண்டுகள் அவர் கல்வித் துறையிலேயே இருந்தார்.

வாக்குரிமை வந்ததும் கல்விக் கேள்வி புது வடிவம் பெற்றது. ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் தகுதி உழவருக்கும் உண்டு என்று சட்டம் சொல்லிவிட்டது. அந்த உழவரின் பிள்ளை பல்கலைக்கழகம் போகத் தகுதியற்றவன் என்று இனி எப்படிச் சொல்ல முடியும்?

முதலில் அவர் சட்டத்தில் கை வைத்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு 1939ஆம் ஆண்டு புதிய கல்விச் சட்டம் நிறைவேறியது. கல்வித் துறையை நடத்தும் அதிகாரம் மக்களின் பிரதிநிதிகளிடம் தெளிவாக வந்து சேர்ந்தது. அடுத்து அவர் கிராமங்களில் கை வைத்தார்.

கிராமத்துக்கு வந்த கல்லூரி

ஆங்கிலப் பள்ளிகள் கொழும்பு, காலி, கண்டி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களிலேயே குவிந்திருந்தன. சம்பளத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதுமா? ஐம்பது மைல் தொலைவிலுள்ள இலவசப் பள்ளியால் கிராமத்துப் பிள்ளைக்கு என்ன பயன்? இதனை உணர்ந்த கன்னங்கரா நாட்டுப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்களை நிறுவத் தொடங்கினார். நகரத்துச் சிறந்த பள்ளிக்கு நிகராக ஆய்வுக்கூடம், நூல்நிலையம், விளையாட்டுத் திடல், விடுதி ஆகிய அனைத்தும் கிராமப்புறப் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது திட்டம். அவர் பதவி விலகுவதற்குள் இத்தகைய பள்ளிகள் ஐம்பத்து நான்கு எழுந்தன.

இந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஐந்தாம் வகுப்பில் ஒரு தேர்வு வைக்கப்பட்டது. அதனை அங்குள்ள தமிழர் புலமைப்பரிசில் பரீட்சை என்பர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ள சுயமொழிப் பள்ளிப் பிள்ளைகள் அதனை எழுதலாம். தேறியவருக்கு மத்தியப் பள்ளியில் இடமும், விடுதியில் உணவும் உறைவிடமும் அரசு செலவில் கிடைத்தன.

அம்பலாங்கொடையில் டாரல் பாதிரியார் ஒரு சிறுவனுக்குச் செய்ததை ஓர் அரசாங்கம் நாடு முழுவதும் ஆண்டுதோறும் செய்யத் தொடங்கியது. நல்ல மனிதர் ஒருவர் விழாவுக்கு வருவார் என்று காத்திருக்கத் தேவையில்லை. தேர்வு நாளில் எழுதுகோலோடு போனால் போதும்.

தமிழர் பகுதிகளிலும் இப்பள்ளிகள் தோன்றின. மட்டக்களப்புக்கு அருகே வந்தாறுமூலை என்னும் ஊரில் அமைந்த மத்திய கல்லூரி அவற்றுள் ஒன்று. 1981ஆம் ஆண்டு அப்பள்ளியின் வளாகத்திலேயே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வயல்சூழ்ந்த சிற்றூரில் போட்ட ஒரு பள்ளியின் கடைக்கால், நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு பல்கலைக்கழகத்தையே தாங்கி நின்றது.

ரசீதுப் புத்தகம் மூடப்பட்ட நாள்

1940ஆம் ஆண்டு கல்வி முறை முழுவதையும் ஆராய ஒரு சிறப்புக் குழு அமைக்கப்பட்டது. கன்னங்கராவே அதன் தலைவர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீதும் திருகோணமலையின் மீதும் குண்டு வீசின. அதே ஆண்டு ஜூலையில், மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் ஒரு நாடு தன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது என்பது வியப்புக்குரியது அன்றோ?

1943ஆம் ஆண்டு குழுவின் அறிக்கை வெளிவந்தது. கல்வி என்பது எல்லா நிலைகளிலும், பல்கலைக்கழகம் உட்பட, கட்டணமின்றி அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் உயிர்நாடியான பரிந்துரை. தொடக்க வகுப்புகளில் தாய்மொழியே பயிற்றுமொழியாக வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

எதிர்ப்பு நாலாபுறமும் கிளம்பியது. நாட்டின் வருவாய் இவ்வளவு செலவைத் தாங்குமா என்று கணக்குக் கேட்டவர்கள் ஒருபுறம். தம் பள்ளிகளின் தனித்தன்மையும் சமயப் போதனையும் பறிபோகும் என்று அஞ்சிய பள்ளி நிர்வாகத்தினர் ஒருபுறம். எல்லாரும் படித்துவிட்டால் மண்வெட்டி பிடிக்க யார் வருவார்கள் என்ற கவலையும் வசதி படைத்தோர் சிலருக்கு இருந்தது. இவற்றுள் செலவைப் பற்றிய கேள்வி நியாயமானதே. பணம் ஆகாயத்திலிருந்து கொட்டாது. ஆனால் கணித ஆசிரியரான கன்னங்கராவுக்குக் கணக்கைக் கண்டு அச்சமில்லை. படிக்காத ஒரு தலைமுறையால் நாட்டுக்கு ஏற்படும் இழப்பையும் அதே கணக்கில் எழுத வேண்டும் என்பது அவருடைய நிலை.

அவர் சபைக்குள் மட்டும் வாதாடவில்லை. ஊர் ஊராகச் சென்று மக்களிடம் திட்டத்தை விளக்கினார். ஆதரவுக் கூட்டங்கள் நடந்தன, விண்ணப்பங்கள் குவிந்தன. 1944ஆம் ஆண்டு அரசாங்க சபையில் திட்டம் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. மாதங்கள் நீண்ட இழுபறிக்குப் பின்னர் சபை அதனை ஏற்றது. 1945ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

திட்டம் நடந்த விதம் எளிமையானது. அரசு நன்கொடை பெற விரும்பும் பள்ளி, மாணவரிடம் கற்பிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. கட்டணம் வாங்கியே தீருவேன் என்னும் பள்ளி, அரசு நன்கொடை இல்லாமல் தன் காலில் நிற்க வேண்டும். ஒரு கையால் பொதுப் பணத்தையும் மறு கையால் பெற்றோர் பணத்தையும் வாங்கும் வழி அடைபட்டது. பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற மாணவரிடமும் கற்பிப்புக் கட்டணம் கேட்கப்படவில்லை.

வென்றவர் தோற்ற கதை

இவ்வளவு செய்தவரை மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. 1947ஆம் ஆண்டு புதிய நாடாளுமன்றத்துக்கு நடந்த தேர்தலில் மத்துகமையில் நின்ற கன்னங்கரா தோல்வியுற்றார். அவரை வென்ற வில்மட் பெரேராவும் கல்விப் பணியில் ஈடுபட்டவர். ஸ்ரீ பாலி என்னும் கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். இலவசக் கல்வியால் மனத்தாங்கல் கொண்டவர்கள் பலர் கன்னங்கராவின் தோல்விக்குப் பாடுபட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றபோது, அந்நாட்டுக் கல்வியைத் திருத்தி அமைத்தவர் அதன் நாடாளுமன்றத்தில் இல்லை.

பின்னர் அவர் இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். 1952ஆம் ஆண்டு அகலவத்தைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தபோது, உள்ளாட்சித் துறையே அவருக்கு அளிக்கப்பட்டது. கல்வித் துறை அவரிடம் திரும்பி வரவேயில்லை. 1956ஆம் ஆண்டு அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார்.

பதினாறு ஆண்டுகள் கல்வி அமைச்சராக இருந்தவர் செல்வம் சேர்க்கவில்லை. முதுமையில் பணத் தட்டுப்பாடும் நோயும் அவரை வருத்தின. 1960களில் அரசாங்கமே அவருக்கு மாத உதவித்தொகை அளிக்க வேண்டியிருந்தது. சிறுவயதில் உதவித்தொகையால் படித்தவர், இறுதிக் காலத்திலும் உதவித்தொகையால் வாழ்ந்தார். இடைப்பட்ட காலத்தில் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அதனை உரிமையாக்கினார். 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் அவர் காலமானார். மத்துகமையில் அவர் தொடங்கிய மத்திய கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

விளைந்த பயன்

1946ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இலங்கையில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 58 பேர் அளவில் இருந்தனர். 1981ஆம் ஆண்டு அது 87ஐத் தொட்டது. எண்ணிக்கையைக் காட்டிலும் பெரிய மாற்றம் பெண்களின் கல்வியில் நிகழ்ந்தது. சம்பளம் கட்ட வேண்டிய வீட்டில், பணம் ஒரு பிள்ளைக்கே போதுமென்றால் மகனைத்தான் அனுப்புவார்கள். மகள் அடுப்படியில் நிற்பாள். சம்பளம் என்ற கேள்வியே இல்லாமற் போனபோது அந்தத் தேர்வுக்கும் வேலை குறைந்தது. அண்ணன் போன வழியில் தங்கையும் புத்தகப் பையோடு நடந்தாள்.

காலப்போக்கில் அவர் போட்ட அடித்தளத்தின் மேல் மற்றவர்கள் கட்டினார்கள். 1980 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல்கள் வழங்கப்பட்டன. பல்கலைக்கழக மாணவர்களின் அன்றாடச் செலவுக்கு உதவ 1981ஆம் ஆண்டு மகாபொல உதவித்தொகை நிதியம் அமைந்தது. 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. இவை எவ்வளவு தேவையானவை என்பது, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்திருக்கும் என்னைப் போன்றோர்க்கு நன்றாக விளங்கும். சம்பளம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கவலை. பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் ஒவ்வொரு நாளும் விடியும்போதே எழுந்து நிற்கும் கவலை. கட்டணத்தை நீக்கியது முதற்படி. பிள்ளையை வகுப்பில் கடைசிவரை உட்கார வைப்பது அடுத்த படி.

2022ஆம் ஆண்டு இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, அரிசிக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். தேர்வுத் தாள் அச்சிடக் காகிதம் இல்லாத நிலையும் அப்போது ஏற்பட்டது. அந்த நெருக்கடியிலும் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர்க்குக் கற்பிப்புக் கட்டணம் விதிக்கப்படவில்லை. 1945இல் நட்ட மரம் அவ்வளவு ஆழமாக வேர் ஓடியிருந்தது.

எட்டாத இடங்கள்

ஒரு பெரியாரின் புகழைப் பாடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர் திட்டம் எட்டாத இடங்களையும் சொல்வதே உண்மையான மரியாதை ஆகும்.

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து சென்றவர்களின் வழிவந்தோர். அங்கே பிள்ளைகளுக்குத் தோட்டப் பள்ளி என்று ஒன்று இருந்தது. தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்த அப்பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்கு மேல் படிக்க வழி அரிது. லயத்து வீட்டிலிருந்து கொழுந்துக் காட்டுக்குப் போகும் பாதைதான் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே பாதை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது; அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவரின் பிள்ளைக்குப் பள்ளி கேட்டு யார் வாதாடுவார்கள்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆன பிறகே தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1945இல் திறந்த கதவு, மலையகத்துப் பிள்ளைக்குத் திறக்க மேலும் ஒரு தலைமுறை பிடித்தது.

இன்னொன்று, இடங்களின் பற்றாக்குறை. பள்ளிகள் பெருகிய அளவுக்குப் பல்கலைக்கழகங்கள் பெருகவில்லை. கட்டணம் இல்லை, ஆனால் நாற்காலியும் போதவில்லை. கன்னங்கரா மறைந்த சில ஆண்டுகளில், 1970களின் தொடக்கத்தில், பல்கலைக்கழக நுழைவில் தரப்படுத்தல் வந்தது. முதலில் மொழிவாரியாகவும், பிறகு மாவட்டவாரியாகவும் மதிப்பெண் எல்லை வகுக்கப்பட்டது. பின்தங்கிய மாவட்டங்கள் சிலவற்றுக்கு மாவட்ட ஒதுக்கீடு உதவியது உண்மை. ஆனால் கூடுதல் மதிப்பெண் பெற்றும் வெளியே நின்ற தமிழ் இளைஞரின் உள்ளத்தில் அது ஆறாத காயத்தை உண்டாக்கியது. அதன் பின்விளைவுகளை வரலாறு அறியும்.

இவற்றிலிருந்து ஒரு பாடம் தெளிவாகிறது. இலவசக் கல்வி என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. கட்டணம் உண்டா? இடம் உண்டா? எல்லாரும் என்பதில் யார் யார் அடக்கம்? முதல் கேள்விக்குக் கன்னங்கரா முழு விடை தந்தார். மத்தியப் பள்ளிகளின் மூலம் இரண்டாவதற்கு விடை தேடத் தொடங்கினார். மூன்றாவது கேள்வியை அவர் நாடு நெடுங்காலம் தள்ளிப்போட்டது. அதற்குரிய விலையையும் கொடுத்தது.

முடிவுரை

உதவி பெற்று முன்னுக்கு வந்தவர்கள் உலகில் பலர். அவர்களுள் பெரும்பாலோர் தம் திறமையாலேயே உயர்ந்ததாக நம்பிவிடுகிறார்கள். சிலர் நன்றி மறவாமல் தாம் படித்த பள்ளிக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுக்கிறார்கள். தமக்குக் கிடைத்தது தற்செயல் என்பதை உணர்ந்து, அந்தத் தற்செயலைச் சட்டமாக மாற்றியவர் கன்னங்கரா. அதற்காகத் தேர்தலில் தோற்றார், செல்வத்தை இழந்தார், ஆனால் தாம் செய்ததைக் குறித்து வருந்தியவர் அல்லர்.

அரசுக் கல்லூரியில் படிக்கும் நாம் அனைவரும் யாரோ செலுத்திய வரியில்தான் படிக்கிறோம். அந்த யாரோ, தன் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாதவராகவும் இருக்கலாம். படித்து முடித்துப் பதவியில் அமரும் நாளில், நமக்குப் பின்னால் வரும் பிள்ளைக்கு வாசலை இன்னும் ஒரு சாண் அகலமாகத் திறந்து வைப்போமாயின், அதுவே நாம் அக்கடனைத் தீர்க்கும் வழியாகும். அம்பலாங்கொடைச் சிறுவனின் வாழ்க்கை மாணவர்களாகிய நமக்குக் கற்பிக்கும் கணக்கும் அதுவே.